இரண்டு கூலர்களும் ஒரு பகல் தூக்கமும்

இன்னும் கட்டாத வீடுகளுக்குள் ஆட்களை நடக்க வைப்பதுதான் அவள் தொழில். ஆர்க்கிடெக்ட் கோடு கோடாக வரைந்து அனுப்புகிற தாளை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, அந்த ஜன்னல் வழியே வெயிலை விழவைத்து, வாசலிலிருந்து மொட்டைமாடி வரை ஒருவர் நிதானமாக நடந்து போவதுபோல ஒரு படம் செய்து கொடுப்பாள். வீடு வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த சோபா வீட்டோட வருமா?" என்று கேட்பார்களாம். தெருவில் அவளுக்குப் 'படக்காரம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. சினிமாவில் இருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் தன் மகளை அலங்காரம் செய்து அழைத்துக்கொண்டு வந்ததும் உண்டு.

முன்பு அவள் ஓர் அலுவலகத்தில் இதே வேலையைப் பார்த்தாள். அதை இழுத்து மூடியபோது, மற்றவர்கள் நாற்காலியையும் மேஜையையும் விலைக்குக் கேட்டார்கள். அவள் மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரைக் கேட்டாள். பழசுதான். ஆனால் அதற்குள் ஒரே பலகையில் இரண்டு பிராசஸர்கள். வீட்டில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டருக்கு ஒரு மூளை என்றால் இதற்கு இரண்டு. ஒரு படத்தைக் கணக்குப் போட்டு முடிக்க மற்ற மிஷின்கள் ராத்திரி பகலாக முக்கி முனகும்போது இது பாதி நேரத்தில் முடித்துவிடும். அந்தப் பாதியும் அவளுக்குப் போதவில்லை. செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலே அதை முடுக்கிவிட்டாள். ஓவர்கிளாக் பண்ணுவது என்பார்கள். மாட்டுவண்டியில் பூட்டிய மாட்டுக்கு வாலை முறுக்குகிற மாதிரி. வண்டி வேகமாகப் போகும். மாட்டுக்கு நுரை தள்ளும்.

நுரைக்குப் பதில் இங்கே சூடு.

மாடியில் இரண்டே அறைகளும் ஒரு சமையலறையும். முன்னறையில் மிஷின். பின்னறையில் கட்டில். நடுவே ஒரு கதவு, மழைக்கு ஊதிப்போனதிலிருந்து முழுதாகச் சாத்துவதில்லை. மகன் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தான். கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். உயிருக்குப் போராடுகிறவர்களை வைத்திருக்கும் வார்டில் ராத்திரி டூட்டி. அந்த டூட்டியை முறை வைத்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஒருவருக்குச் சின்னக் குழந்தை, இன்னொருவருக்கு முதுகுவலி என்று ஒவ்வொருவராகக் காரணம் சொல்ல, யார் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்கிற இவர் தலையில் அது நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. காலையில் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். அவர் படுக்கிற நேரம்தான் இவள் மிஷினை எழுப்புகிற நேரம்.

அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதையும் உள்ளும் புறமும் நடந்து காட்ட வேண்டும். அவள் தனியாக எடுத்த வேலைகளில் அதுதான் பெரியது. இதைச் செய்து கொடுத்துவிட்டால் அந்த ஆர்க்கிடெக்ட் வேறு ஆளைத் தேடிப் போகமாட்டார். உற்சாகமாகத் தொடங்கினாள். நாலாவது மாடி வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் மிஷின் படுத்துவிட்டது. மறுபடி எழுப்பினாள், அதே வராந்தாவில் மறுபடி படுத்தது. பக்கத்துத் தகட்டைத் தொட்டுப் பார்த்தவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். தோசைக்கல் தோற்றது.

பிராசஸர்களின் தலைமேல் உட்கார்ந்திருந்த கூலர்கள் மிஷினோடு வந்தவை. கூலர் என்பது வேறொன்றும் இல்லை. பிராசஸரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ள அடுக்கடுக்கான உலோகத் தகடுகள், அந்தத் தகடுகளுக்குள் காற்றை ஊத ஒரு ஃபேன். குறித்த வேகத்துக்கு அவை போதும். முடுக்கிவிட்ட வேகத்துக்கு அவை எம்மாத்திரம்?

கீழ்வீட்டில் கணவரின் அக்கா தையல் கடை வைத்திருந்தார். இவளும் அவரை அக்கா என்றே கூப்பிடுவாள். படி இறங்கியவளைப் பார்த்து அக்கா மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "வெயில்ல எங்க கிளம்பிட்ட?"

"ஏர் கூலர் வாங்கணும் அக்கா. ரெண்டு."

அக்காவின் கால் நின்றது. முகம் மலர்ந்தது. "இப்பவாவது தோணுச்சே. என் தம்பி அந்த வெக்கைல வெந்து கிடக்கறான். ஒண்ணு வாங்கினாலே போதும், எதுக்கு ரெண்டு?"

"அது இல்லக்கா. இது கம்ப்யூட்டருக்கு."

அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நல்லது. மிஷினுக்கு ரெண்டு கூலர், மனுஷனுக்கு ஓட்டை ஃபேன்" என்றார்.

படக்காரம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அக்கா பேச்சு எப்போதும் அப்படித்தான். நறுக்கென்று இருக்கும், வலிக்காது என்று அவள் நினைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சந்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு கடை. கடைக்காரருக்கு 'டிகிரி' என்று பெயர். படித்து வாங்கிய டிகிரி ஒன்றும் கிடையாது. வாயைத் திறந்தால் எது எத்தனை டிகிரியில் ஓடும் என்பதுதான்.

"இப்ப எவ்வளவுல படுக்குது மேடம்?"

சொன்னாள்.

"அடேயப்பா. அது படுக்கறதுக்கு முன்னாடி நாம படுத்துடுவோம்." உள்ளே போய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்தார். "தண்ணி ஓட்டற செட் ஒண்ணு இருக்கு, காட்டட்டா?"

"வேணாம்ணா. கரண்டுக்கு நடுவுல தண்ணியை விட்டுட்டு நான் பக்கத்துல உக்காந்து வேலை செய்யமாட்டேன்."

"அப்ப காத்துதான். காத்துல மூணு சாதி இருக்கு, பாத்துக்கங்க."

முதல் பெட்டியில் இருந்தது ஒரு பூதம். இரட்டைக் கோபுரம், ஒரு கையால் தூக்க முடியவில்லை. இரண்டாவது நடுத்தரம், ஒற்றைக் கோபுரம், அதன் முன்னே அகலமான ஃபேன், சோம்பேறிபோல மெதுவாகச் சுற்றும். மூன்றாவது குள்ளம். பெரிய கம்பெனிகளின் மிஷின் அறைகளில் இருப்பது. உள்ளங்கை அளவு ஃபேன்தான், ஆனால் பம்பரத்துக்குப் பங்காளி.

அவள் எதையும் வாங்கவில்லை. மூன்றையும் அளவுகோல் வைத்து அளந்துகொண்டாள். டிகிரிக்குச் சிரிப்பு வந்தது. "மேடம், சட்டை தைக்கப் போறீங்களா?"

வீட்டுக்கு வந்து அவள் செய்தது, அவளைப் போன்ற ஒருத்திக்கு மட்டுமே தோன்றும். தன் கம்ப்யூட்டரின் உட்புறத்தையே ஒரு கட்டடமாகக் கட்டினாள். பலகை தரை. ரேம் அட்டைகள் வரிசையாக நிற்கிற தடுப்புச் சுவர்கள். நடுவில், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பிராசஸர்கள். பிறகு அந்தக் கட்டடத்துக்குள் மூன்று கூலர்களையும் மாற்றி மாற்றி நிறுத்தி, வாடகை வீடு பார்க்கிறவளைப் போல மூலை மூலையாகச் சுற்றினாள்.

பூதங்கள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, ஒன்றுக்குத்தான் இடம். நடுத்தரத்தை முன்னும் பின்னுமாக நிறுத்தினால், முன்னது கக்குகிற சூட்டைப் பின்னது மூச்சாக இழுக்க வேண்டியிருந்தது. மேல்நோக்கித் திருப்பி நிறுத்தினால் ஆளுக்குத் தனிக் காற்று கிடைத்தது. ஆனால் ரேம் தடுப்புகளுக்காக ஃபேனை விரல் அகலம் உயர்த்தி மாட்ட வேண்டும். உயர்த்தினால் பக்கத்துக் கதவு மூடாது. அப்படியும் அந்த மெதுவான காற்று, முறுக்கிவிட்ட வேகத்துக்கு மயிரிழையில்தான் போதும். குள்ளங்களோ கச்சிதமாக உட்கார்ந்தன. கதவு மூடியது. காற்று நேராகப் பாய்ந்தது. வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றலாம் போலத் தெரிந்தது.

சந்தேகமே இல்லாமல் குள்ளங்களை வாங்கி மாட்டினாள். அவள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. பார்க்கக்கூடியதையெல்லாம் பார்த்திருந்தாள். படத்தில் சத்தம் வராது, அது ஒன்றுதான்.

மிஷினை எழுப்பினாள். வேலை ஏறஏறக் குள்ளங்கள் சுருதி கூட்டின. சீறல் விசிலாகி, விசில் கீச்சென்று கூரைவரை போய் அங்கேயே நின்றது. சூடு மட்டும் இறங்கிவிட்டது. நாலாவது மாடி வராந்தாவை ஒரு தடங்கலும் இல்லாமல் கடந்தது மிஷின். அவளுக்கு அந்த வராந்தாவில் தானே காற்று வாங்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

கதவிடுக்கில் தலையை நீட்டி, "ரொம்ப சத்தமா இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை" என்றார் கட்டிலில் இருந்தவர்.

காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பாட்டுக்கு வெளியே வீடு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது.

அந்தப் படம் நன்றாக வந்தது. ஆர்க்கிடெக்ட் போனில், தான் வரைந்த கட்டடத்தில் தானே வழி தெரியாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார். அடுத்தடுத்து வேலை வந்தது. கணவருக்கும் ஏனோ வெளிவேலைகள் கூடிவிட்டன. டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டதும், "பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்" என்பார். ஒருநாள் இன்சூரன்ஸ் ஆபீஸ். ஒருநாள் பழைய நண்பர். மத்தியானம் தாண்டி வருவார், முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும், சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்திருப்பார். மனுஷன் நாலு இடம் போய்வரப் பழகிவிட்டார் என்று இவள் உள்ளூர சந்தோஷப்பட்டாள். வீடும் தனக்கே தனக்கென்று கிடைத்தது.

அப்படிச் சில வாரங்கள் போனபிறகு, ரவிக்கைத் துணி எடுக்கச் சந்தைக்குப் போன அக்கா, வாங்கின பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக மாடிக்கு ஏறிவந்தார். மூச்சு வாங்கியது. மிஷின் கத்திக்கொண்டிருந்ததால் கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார். நின்றதும் கேட்டார்:

"என் தம்பி பஸ்லயா குடித்தனம் பண்றான்?"

"என்னக்கா சொல்றீங்க?"

"கடைசி சீட்டுல, ஜன்னல்ல தலையைச் சாச்சு, வாயைப் பொளந்துட்டுத் தூங்கறான். பக்கத்துல போய் நின்னேன். அசையலை. எழுப்பப் போனா கண்டக்டர் வேணாங்கறான். 'சார் டெய்லி வருவாரும்மா, கடைசி ஸ்டாப் வரைக்கும் தூங்குவாரு, திரும்பறப்பவும் தூங்குவாரு, எழுப்பாதீங்க'ங்கறான். பாஸ் வாங்கி வெச்சிருக்கானாம்டி, தூங்கறதுக்கு."

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு பேங்க், இன்சூரன்ஸ் ஆபீஸ், பழைய நண்பர் எல்லாம் வரிசையாக அந்தக் கடைசி சீட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக நறுக்கென்று ஒரு வார்த்தை வரும். அன்று வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதுதான் வலித்தது.

கணவர் வந்ததும் கேட்டுவிடத்தான் நினைத்தாள். "பேங்க்ல கூட்டமா?" என்று மட்டும் கேட்டாள். "பரவாயில்லை" என்றார். மேலே கேட்டால் இன்னொரு 'பரவாயில்லை' வரும். வாயால் கேட்டுப் பயனில்லை என்று தோன்றியது.

மறுநாள் அவர் பையை மாட்டிக்கொண்டு இறங்கியதும் அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவர் பஸ்ஸின் பின்வாசல் வழியாக ஏறினார். அவள் முன்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி கூட்டத்துக்கு நடுவே பின்னால் பார்த்தாள். இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் அவர் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. பக்கத்து இடம் காலியானதும் போய் உட்கார்ந்தாள். பை அவர் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். கழுத்தில் மடிப்பு மடிப்பாக வேர்வை. இந்த முகத்தைத் தூக்கத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் கடகடவென்று ஆடியது. தகரம் அடித்துக்கொண்டது. இன்ஜின் அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஹாரன் வேறு. இத்தனை இரைச்சலில் பச்சைக் குழந்தைமாதிரித் தூங்குகிறாரே, வீட்டில் என்ன கேடு என்று ஒரு பக்கம் கோபம் வந்தது. கோபமும் சரியில்லை என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

கடைசி நிறுத்தத்தில் இன்ஜின் நின்றதும் கண் விழித்தார். பக்கத்தில் மனைவியைப் பார்த்ததும் கனவோ என்று ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"நீ எங்க இங்க?"

"பேங்குக்கு வந்தேன்."

அவர் பையின் வாரைச் சரி செய்தார்.

"கண்டக்டருக்குத் தெரியுது. உங்க அக்காவுக்குத் தெரியுது. பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாது, இல்ல?"

"அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி? இவ்வளவு சத்தத்துல தூங்கறீங்க. என் ஒரு மிஷின் சத்தம் உங்களுக்கு ஆகலையா?"

அவர் காலியான பஸ்ஸைப் பார்த்தார். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். கண்டக்டர் மரியாதை தெரிந்தவர்; முன்சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சில்லறையை அடுக்கத் தொடங்கினார்.

"இது வேற சத்தம்" என்றார் கணவர். "இது பாட்டுக்கு இருக்கும். நம்மள ஒண்ணும் கேக்காது. உன் மிஷின் அப்படி இல்ல. சும்மா இருக்கும், இருக்கும், அப்புறம் ஏறும். எங்க வார்டுல ஒரு பேஷன்ட்டுக்கு மூச்சு எறங்கினா மிஷின் அப்படித்தான் ஏறும். ஏறினா நான் எந்திரிச்சாகணும். இத்தனை வருஷமா உடம்பு அப்படியே பழகிப்போச்சு. உன் ஃபேன் ஏறும்போதெல்லாம் எந்திரிச்சு உக்காந்துடறேன். காலால செருப்பைத் தேடறேன். அப்புறம்தான் வீடுன்னு தெரியுது. அதுக்கப்புறம் எங்க தூங்கறது, நெஞ்சு அடிச்சிட்டே இருக்கும்."

அடுத்த அறையில் தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடியதை நினைத்துப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்ட. நான்தான் பரவாயில்லைன்னேன்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன்?"

கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "ராத்திரி முழுக்க யாராவது எதையாவது கேட்டுட்டே இருப்பாங்க. பாவம், முடியாதவங்க. தண்ணி வேணும், திருப்பிப் படுக்க வை, வலிக்குது. அதையெல்லாம் கேட்டுட்டு வந்து நானும் வீட்டுல ஒண்ணு கேக்கணுமான்னு இருக்கும். வாயே வராது."

டிரைவர் ஏறினார். பஸ் கிளம்பியது. திரும்பும் வழியில் அவர் மறுபடி தூங்கினார். கோபம் முழுதும் தீரவில்லை. ஆனாலும் அவர் தலை ஜன்னலில் இடிக்காதபடி தன் தோளைக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸைக் கேட்டாள். உண்மைதான். உறுமல் தரையை ஒட்டியே கிடந்தது. யாரையும் எழுப்புகிற உத்தேசம் அதற்கு இல்லை.

டிகிரி கடைக்கு இந்த முறை இருவரும் போனார்கள். "நல்லா ஓடுதுல்ல மேடம்? எத்தனை டிகிரி?" என்று அவர் ஆரம்பித்ததும், "டிகிரி இருக்கட்டும்ணா. ஃபேன் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா ஓட்டிக் காட்டுங்க. இவர் கேக்கணும்" என்றாள்.

கடைக்குள் ஸ்டூலில் அவரை உட்கார வைத்தார்கள். டிகிரி ஃபேன்களுக்கு ஒயர் கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டினார். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் கூச்சமாக, "இது பரவா…" என்று தொடங்கியவரை அவள் முறைத்தாள். "அந்த வார்த்தை இன்னைக்கு கிடையாது. புடிச்சிருக்கு, புடிக்கலை, ரெண்டுல ஒண்ணு."

"புடிக்கலை" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல டிகிரியைப் பார்த்தார். டிகிரி கழற்றி அடுத்ததை மாட்டினார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவதில் லேசாக டிக் டிக்கென்று ஒரு சத்தம் இருக்கிறதென்றார். டிகிரி காதை வைத்துப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். நடுத்தரக் கூலரின் அகலமான ஃபேனை ஓட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் சொல்லவில்லை.

"சார் தூங்கிட்டாரா?" என்று டிகிரி மெல்லக் கேட்டார். "தூங்கினா இதையே பேக் பண்ணிடலாம்."

"தூங்கலை" என்றார் அவர் கண்ணைத் திறக்காமல். "இது ஓடட்டும்."

வாங்கிவந்து, குள்ளங்களைக் கழற்றி, நடுத்தரங்களை மேல்நோக்கித் திருப்பி மாட்டினாள். ஃபேன்களை விரல் அகலம் உயர்த்தினாள். கதவு மூடவில்லை, கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். தூசி போகுமே என்று இவள் சொன்னதற்கு அக்கா மேலே வந்து அளவெடுத்து, கொசுவலைத் துணியில் சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தார். "மிஷினுக்குப் பாவாடை தைக்கிற காலம் வந்துருச்சு" என்று நறுக்கென்று ஒன்று விழுந்ததும்தான் இவளுக்கு மனசு சமாதானம் ஆனது.

மிக முக்கியமான ஒன்று பாக்கி. ஃபேன் ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது. மிஷின் சும்மா இருந்தாலும் சாக வேலை செய்தாலும் ஒரே நிதானத்தில் ஓட வேண்டும். அந்த நிதானமான காற்றுக்கு எவ்வளவு சூடு தாங்குமோ அவ்வளவுதான் மிஷின் வேகம். முறுக்கிய வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். விடும்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆசை ஆசையாக ஏற்றிய வேகம். ஆனாலும் செய்தவர்கள் குறித்த இடம்வரை இறங்க வேண்டியிருக்கவில்லை; வழியில் ஓரிடத்தில் சூடு அடங்கி நின்றது.

அவர் படுத்தார். அவள் மிஷினை ஓட்டிவிட்டு, காதில் எதையும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏம்மா."

"என்னங்க?"

"கேக்குதா? ஊம்… ஊம்…னு அலை அலையா வருது பார்."

உற்றுக் கேட்டாள். இருந்தது. ஒரே வேகத்தில் வைத்த இரண்டு ஃபேன்களும் அப்படியே ஒன்றாக ஓடவில்லை; ஒன்று மயிரளவு முந்தியது, ஒன்று பிந்தியது. இரண்டு உறுமலும் ஒன்றையொன்று தள்ளி, தொட்டில் ஆடுகிற மாதிரி சத்தம் ஏறி இறங்கியது. வேறொருவர் காதுக்கு அது எட்டியிருக்காது. எத்தனையோ ராத்திரி சின்ன ஏற்ற இறக்கத்துக்குக் காது கொடுத்த மனுஷன் அவர். எரிச்சல் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஏனோ நிம்மதி வந்தது.

ஒன்றாக ஓட்டத்தான் முதலில் முயன்றாள். அரை நாள் போயிற்று. இரண்டின் வேகத்தையும் எவ்வளவு நெருக்கிவைத்தாலும் அலை இன்னும் நிதானமாக, இன்னும் நீளமாக வந்தது. கடைசியில் அலுத்துப்போய், முன்பக்கத்து ஃபேனைத் துணிந்து நன்றாகக் குறைத்துவிட்டாள். அந்தப் பக்கத்துப் பிராசஸருக்கு எப்போதும் சூடு குறைவு, அது தாங்கும். அலை போயிற்று. இரண்டு தனித்தனி உறுமல்கள், ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, ஒன்றின் வழியில் ஒன்று வராமல் ஓடின.

"இப்ப?" என்று கேட்டாள்.

கதவிடுக்கில் பார்த்தாள். பையைப் பிடிக்கிற மாதிரி தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமே அவர் திரைச்சீலையில் வெளிச்சம் புகுகிறதென்றார். சாம்பாரில் உப்புத் தூக்கலென்றார். வார்டில் சகாக்களிடமும், மாதத்தில் பாதி ராத்திரி டூட்டியை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டிருக்கிறார். முதுகுவலிக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அக்காவோ, "என் தம்பிக்கு வாயே கிடையாதுன்னு ஊரே சொல்லிட்டிருந்துச்சு, அந்தப் பேரைக் கெடுத்துட்டியே" என்று இவளிடம் சண்டைக்கு வந்தார்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஆர்க்கிடெக்ட் ஒரு நூலகக் கட்டடத்தின் வரைபடத்தோடு வீட்டுக்கே வந்தார். காற்று, வெளிச்சம், கண்ணாடிக் கூரை என்று விவரித்துவிட்டு, சனிக்கிழமைக்குள் வேண்டுமென்றார்.

"திங்கட்கிழமை ஆயிடும் சார்."

"போன தடவை இதைவிடப் பெரிய வேலையை இதைவிட சீக்கிரம் குடுத்தீங்களே. மிஷின் அதேதானே?"

"மிஷின் அதேதான் சார். இப்ப கொஞ்சம் மெதுவா ஓட்டறேன்."

"ஏன், ரிப்பேரா?"

"இல்ல சார். வீட்டுல ஆள் தூங்கறாங்க."

ஆர்க்கிடெக்ட் அரைகுறையாகச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தி, "அப்ப திங்கட்கிழமையே குடுங்க" என்று சொல்லிவிட்டு, வரைபடத்தைச் சத்தம் எழாமல் சுருட்டி மேஜைமேல் வைத்தார். அவள் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பி, நூலகத்தின் முதல் சுவரைக் கட்டத் தொடங்கினாள்.